மணிமங்கலம் கல்வெட்டுகளின் எழுத்தமைதி: காலக்கணிப்பிற்கு ஓர் அளவுகோல்

முன்னுரை

சீனக் கல்வெட்டு மரபில் முத்திரை எழுத்து, அலுவலர் எழுத்து, சீரெழுத்து எனப் பாணிகள் பெயரிட்டுப் பகுக்கப்பட்டுள்ளன. தமிழ்க் கல்வெட்டுகளோ பெரும்பாலும் வரலாற்றுச் செய்திக்காகவே பயிலப்படுகின்றன. திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வட்டாரத்தை ஒட்டியுள்ள மணிமங்கலம் இராசகோபாலப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் எழுத்தமைதி ஆய்வுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எழுத்தின் வளர்ச்சி

மாங்குளம் முதலிய குகைத்தளங்களின் தமிழ்ப் பிராமி எழுத்துகள் நேர்கோடும் கோணமும் மிக்கவை. பிற்காலத்தில் பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் வட்டெழுத்து வழங்கியது. பல்லவர் நாட்டில் தமிழெழுத்து வேரூன்றியது. மகேந்திரவர்மன் காலத்து வல்லம் குடைவரைக் கல்வெட்டு இதன் தொடக்கநிலைச் சான்றுகளுள் ஒன்று. சோழர் ஆட்சி பரவியபின் பாண்டிய நாட்டிலும் தமிழெழுத்தே மேலோங்கியது.

அழகும் ஆவணமும்

காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இராசசிம்மனின் விருதுப்பெயர்கள் வெவ்வேறு எழுத்து வடிவங்களில் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே பெயரைப் பல வடிவில் எழுதியதால், அங்கு எழுத்தின் தோற்றமும் ஒரு நோக்கமாக இருந்தமை புலனாகும். மணிமங்கலத்தில் நிலை வேறு. அங்குள்ளவை கொடைகளைப் பதிந்த ஆவணங்கள். ஆதலின் எழுத்து, அழகைவிடப் பயன் கருதி அமைந்தது.

மணிமங்கலத்தின் சிறப்பு

முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன், முதலாம் குலோத்துங்கன் ஆகியோர் காலக் கல்வெட்டுகள் இக்கோயிலில் உள்ளன. ஹுல்ட்சு பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் இவை இடம்பெற்றுள்ளன. மெய்க்கீர்த்தியாலும் ஆட்சியாண்டாலும் காலம் உறுதிப்படுவதால், எழுத்தை நோக்கிக் காலத்தை ஊகிக்க வேண்டிய தேவை இங்கில்லை. மாறாக, அறிந்த காலத்தைக் கொண்டு எழுத்தின் மாற்றத்தை அளக்கலாம்.

அச்சுப் பதிப்பு இதற்குப் போதாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடுத்தப்படுவதில்லை; ரகரமும் காலும் வடிவில் மயங்கும். இக்கால அச்செழுத்தில் இவையனைத்தும் தெளிந்துவிடுகின்றன. படிப்போர்க்கு அது எளிமை. எழுத்தமைதி ஆய்வாளர்க்கோ சான்றிழப்பு.

முடிவுரை

முதிய எழுத்தர் தம் இளமைக்கால வடிவத்தையே தொடர்ந்திருக்கலாம். ஆகவே இவ்வளவுகோல் ஆண்டைச் சுட்டாது. கால எல்லையை மட்டுமே தரும். எனினும், ஏரிக்கரையிலோ சமன்செய்யப்படும் நிலத்திலோ மன்னன் பெயரின்றிக் கிடைக்கும் துண்டுக் கல்லுக்கு எழுத்தே பெரும்பாலும் எஞ்சும் சான்று. அதனை ஒப்பிட அண்மையிலேயே காலம் அறிந்த கல்வெட்டுகள் உள்ளன. திருப்பணிகளில் சுண்ணாம்புப் பூச்சும் சுரண்டலும் எழுத்து விளிம்புகளை மழுக்குமுன், மைப்படியும் ஒளிப்படமும் எடுத்து, மன்னர் வரிசையில் எழுத்து அட்டவணை அமைப்பது உடனடித் தேவையாகும்.