மருந்து அடித்தவருக்கு வருவது வெயில் கிறக்கம்தானா?

கோவில்பட்டிக் கரிசலில் மழை விழுந்து மக்காச்சோளம் தலை தூக்கினால், கூடவே புழுவும் வந்துவிடும். 2018-இல் படைப்புழு நுழைந்த பிறகு தெளிப்பானுக்கு ஓய்வில்லை. மருந்து அடித்துவிட்டுத் திரும்பியவருக்குத் தலை கிறுகிறுத்து வாந்தி வந்தால், வெயில் கிறக்கம் என்று மோர் கொடுத்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். பல நேரம் குற்றவாளி வெயில் அல்ல.

நரம்பு செல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மில்லிமீட்டரில் சுமார் 50,000-இல் ஒரு பங்கு இடைவெளி. செய்தி அதைக் கடப்பது வேதிப்பொருளாக. 1921-இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டித் துடிப்பை மெதுவாக்கி, அதைச் சூழ்ந்த திரவத்தை இன்னொரு இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது! காரணமான பொருள் அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் ஒரு நொதி அதை நொடிக்குள் சிதைத்துவிடும்.

குளோர்பைரிபாஸ், புரொபனோபாஸ் போன்ற மருந்துகள் அந்த நொதியைத்தான் முடக்குகின்றன. புழுவின் நரம்பு, மனிதனின் நரம்பு என்ற பேதம் அவற்றுக்கில்லை. அசிட்டைல்கோலின் சிதையாததால் நரம்பின் கட்டளை ஓயாமல் போகிறது: வியர்வை, எச்சில், கண்ணீர், சுருங்கிய கண்பாவை, தசைத் துடிப்பு, கடைசியில் மூச்சுத் திணறல். குடிக்கத் தேவையில்லை, நனைந்த சட்டை வழியாகத் தோலே உறிஞ்சிக்கொள்ளும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு பெரம்பலூர்ப் பக்கமும் சாவுகள் நேர்ந்தன.

அறிகுறி தெரிந்தவுடன் உடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால் அட்ரோபின் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் தாமதமின்றித் தொடங்கலாம். ‘போலீஸ் கேஸ்’ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பெரிய ஆபத்து. காவல்துறை நடைமுறைக்காக உயிர்காக்கும் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், வேலைக்கு வருவோருக்குப் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் தரச் சொல்கின்றன. நச்சு அறிகுறியும் முதலுதவியும் சொல்லும் துண்டறிக்கை, வட்டார மொழியிலும் டப்பாவுடன் இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான காடுகளில் கையுறையைக்கூடப் பார்க்க முடியாது. கூலியாள் கேட்கத் தயங்குவார். காட்டுக்காரர் தாமே வாங்கித் தருவதுதான் முறை.

மானோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு மத்திய அரசு 2023-இல் தடை விதித்தது. அதை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். வேளாண்மை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எந்த மருந்துக்கும் பில் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாத புகார் நிற்பது கடினம். ஆம்புலன்ஸுக்கு 108, டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.