ஆள் நுழைந்த பிறகே கதவு

கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஒரு சதுரம் வரைந்து, அதனுள்ளே சிறியதாய் இன்னொரு சதுரம் வரையுங்கள். வரைந்துவிட்டீர்களா? அது 'ஹுவெய்' என்னும் சீன எழுத்து. 'திரும்புதல்' என்பது அதன் பொருள். சீனத்தில் வாழும் ஹுவெய் முஸ்லிம்களின் பெயர் எழுதப்படுவதும் இவ்வெழுத்தால்தான்.

ஆனால், நீங்கள் எழுதிய முறை பெரும்பாலும் தவறாகவே இருக்கும்! பெரிய சதுரத்தை முழுவதும் முடித்துவிட்டுத்தானே சிறியதைத் தொட்டீர்கள்? சீனத்தில் முதல் வகுப்புப் படிக்கும் குழந்தைக்கு அப்படிக் கற்பிப்பதில்லை. முதலில் இடப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். அடுத்து மேற்கோட்டைத் தொடங்கி, வல மூலையில் கையை எடுக்காமலே திருப்பிக் கீழே இறக்க வேண்டும். இது ஒரே கீற்று. பின்னர் உள்ளிருக்கும் சிறு சதுரத்தை மூன்று கீற்றுகளில் முடித்துவிட்டு, ஆறாவதாகத்தான் பெரிய சதுரத்தின் அடிக்கோட்டை இட வேண்டும். 'முதலில் ஆள் உள்ளே வரட்டும், பிறகு கதவைச் சாத்து' என்று இவ்விதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டின் பின் குத்துக்கோடு என்பன மற்ற விதிகளுள் சில. இவை எளியவையே. சோதனை வேறிடத்தில் இருக்கிறது. 'மனிதன்' என்னும் எழுத்து, கால்களை அகற்றி நிற்பவனைப் போன்ற இரண்டே கீற்றுகள். அவற்றின் குறுக்கே ஒரு கிடைக்கோடு சேர்ந்தால் 'பெரிய' என்று பொருள். புதிதாய்க் கற்பவர் மனிதனை எழுதிவிட்டுக் கோட்டைச் சேர்ப்பார். அது பிழை, கோடுதான் முதலில் வரவேண்டும். அதன் வலமேற்புறத்தில் ஒரு புள்ளி வைத்தால் 'நாய்'! அந்தப் புள்ளியோ கடைசியில்தான்.

எழுத்தின் உருவம் சரியாக அமைந்தால் போதாதா, வரிசை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1716-இல் வெளிவந்த காங்ஷி அகராதியில் 47,000-க்கும் அதிகமான எழுத்துகள் உள்ளன. அவை 214 உறுப்புகளின்கீழ், கீற்றுகளின் எண்ணிக்கைப்படி அடுக்கப்பட்டுள்ளன. 'வாய்' என்னும் சதுர எழுத்துக்கு மூன்று கீற்றுகள். நான்கு பக்கமும் நான்கு கீற்று என்று எண்ணியவர் அதை நான்கின் வரிசையில் தேடித்தேடிச் சலிப்பார்!

அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. விரைந்து எழுதும்போது கை முழுவதுமாய் மேலெழுவதில்லை. ஒரு கீற்றின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தோடு இழைந்துவிடுகிறது. வரிசை மாறினால் அந்த இழையும் மாறிவிடும், படிப்பவர் திகைப்பார். மருத்துவம் பயில நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சீனத்திற்குச் சென்றிருக்கிறார்கள். அங்கே ஒரு மருத்துவர் அவசரமாய்க் கைப்பட எழுதிய குறிப்பைப் படிக்க வேண்டிவந்தால், அச்செழுத்தை மட்டும் அறிந்த கண் என்ன செய்யும்? அவர் கை சென்ற வழி தெரிந்தாலன்றோ எழுத்து விளங்கும்!

இவ்வரிசை எங்கும் ஒன்றே என்றும் எண்ணிவிடாதீர்கள். 'அரசன்' என்னும் எழுத்தில் சீனர்கள் இரு கிடைக்கோடுகளுக்குப் பின் குத்துக்கோடு இடுவர். ஜப்பானியரோ ஒரு கிடைக்கோடு இட்டதுமே குத்துக்கோட்டுக்குச் சென்றுவிடுவர். சீன அரசு 2020-இல் 8,105 எழுத்துகளுக்குக் கீற்று வரிசையை வரையறுத்து வெளியிட்டது. இத்தனைக்கும் நடுவே, கைப்பேசியில் ஒலியைத் தட்டி எழுதிப் பழகிய சீன இளைஞர்கள் பேனாவை எடுத்ததும் எழுத்து மறந்து விழிக்கிறார்கள். இந்நிலையைக் குறிக்கவே அம்மொழியில் ஒரு சொற்றொடர் வழங்குகிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் கண்டதுபோல், ஹுவெய் முஸ்லிம்களும் அரபு எழுத்தில் சீன மொழியை எழுதினார்கள். 'ஷியாவெர்ஜிங்' என்பது அதன் பெயர். வலமிருந்து இடமாகச் செல்லும் அந்த எழுத்தில் எண்ணுவதற்குக் கீற்றுமில்லை, சாத்துவதற்குக் கதவுமில்லை.

சரி, தாளைத் திருப்புங்கள். சீனப் பிள்ளைகள் பழகும் ஏட்டில் ஒவ்வொரு கட்டமும் குறுக்கும் நெடுக்குமாய் நான்காகப் பிரிக்கப்பட்டிருக்கும். 'வயல்' என்னும் எழுத்தின் வடிவம் அது. அப்படி ஒரு கட்டம் போட்டு, 'ஹுவெய்'யை மீண்டும் எழுதிப் பாருங்கள். இடக்கோடு முதலில்.