ராத்திரிச் சாப்பாடும் நெஞ்செரிச்சலும்

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடியுங்கள் அண்ணாச்சி. கடையில் கூட்டம் வர இன்னும் நேரம் இருக்கிறது. ராத்திரி படுத்ததும் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களிக்கிறது, காலையில் குரல் கம்முகிறது என்றீர்கள். புளியையும் மிளகாயையும் விட்டுப் பார்த்தும் அடங்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட, எப்போது சாப்பிட்டு எப்படிப் படுக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் விஷயத்தில் பெரிது.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், உணவு இறங்கியதும் மூடிக்கொள்ளும். இரைப்பையின் அமிலம் கடுமையானது. அதைத் தாங்க இரைப்பைச் சுவரில் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காப்பு கிடையாது. விழுங்காத நேரத்திலும் அந்தத் தசை அவ்வப்போது சில விநாடிகள் தளரும். ஏப்பம் வருவதே அப்படித்தான். வயிறு முட்டச் சாப்பிட்டால் அடிக்கடி தளரும், அமிலமும் மேலே ஏறும். எப்போதாவது என்றால் பயமில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தொல்லை கொடுத்தால் நோயாக எடுத்துக்கொண்டு கவனிக்க வேண்டும்.

பகலில் ஏறிய அமிலம் சீக்கிரம் இறங்கிவிடும். நிமிர்ந்து இருக்கிறோம், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம், எச்சில் அமிலத்தின் கடுமையைக் குறைக்கிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துபோகும், விழுங்குவதும் அரிது. ஏறியது ஏறிய இடத்திலேயே நின்று புண்ணாக்கும்.

நீங்களோ பத்து மணிக்குக் கடையை அடைத்து, பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு, பதினோரு மணிக்குப் படுக்கிறீர்கள். எண்ணெய்ப் பண்டம் இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் நகரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் வேண்டும். கடையைச் சீக்கிரம் அடையுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, பிழைப்பு அது. ஏழரை மணிக்கு இட்லியோ சோறோ வீட்டிலிருந்து வரவழைத்து, கல்லாவில் உட்கார்ந்தே சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பசித்தால் ஒரு பழம் போதும். மதினியிடம் நானே பேசுகிறேன்.

அடுத்தது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் அரையடி உயரத்துக்கு ஆடாத கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் இடுப்பில் மடங்கி வயிறு அமுங்கும், எதுக்களிப்பு கூடத்தான் செய்யும். இடப்பக்கமாகப் படுங்கள். அப்போது அமிலம் கீழே தேங்கும், தசைவளையம் அதற்கு மேலே நிற்கும். வலப்பக்கம் புரண்டால் நிலைமை தலைகீழ். வேட்டிக்கு மேல் போடும் அந்த பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்துங்கள். தொப்பை குறைந்தால் பாதித் தொல்லை போய்விடும் என்றே நினைக்கிறேன்.

பான்டோபிரசோல் மாத்திரையை எரியும்போது போடுகிறீர்களே, அது முறையில்லை. இரைப்பையில் அமிலத்தை இறைக்கும் சிறு பம்புகள் சாப்பாடு வந்ததும் வேலையைத் தொடங்கும். வேலை செய்யும் பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும். அதனால் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போட வேண்டும். எரிச்சல் உடனே அடங்க வேண்டுமென்றால் அதற்கு அமில முறிவு மருந்து வேறு. பான்டோபிரசோலை மாதக்கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் கூடுதலாகச் சுரந்து திரும்ப எரியும், எனவே டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையையும் அவரிடம் காட்டுங்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. ஒருவருக்கு டீ, ஒருவருக்குத் தக்காளி, ஒருவருக்குப் புதினா என்று ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு வாரம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எரிந்த நாளையும் சாப்பிட்டதையும் குறித்தால் உங்களுக்கு ஆகாதது எதுவென்று தெரிந்துவிடும். புகையிலை மட்டும் யாருக்கும் ஆகாது.

சோறு தொண்டைக்குக் கீழே அடைத்து நின்றாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டிவரும்.

இன்னொன்று, இதுதான் எனக்குக் கவலை. நெஞ்சை அழுத்துகிற வலி வியர்வையோடு வந்தால், கைக்கோ தாடைக்கோ பரவினால், மூச்சு வாங்கினால், வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டு உட்காராதீர்கள். உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்து வாயுதான் என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.