செந்நிறக் குஞ்சுகளைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள்!

மாணவர்களே, மூடா நெல்வயல்களுக்கு நீர் தரும் நம் கெடாவின் பெடு ஏரிக்குத் தூண்டில் போடப் போகிறீர்களா? முதலில் நீர்ப்பரப்பைக் கவனியுங்கள். ‘குளுக்’ என்று நீர் கொப்பளித்தால், அங்கே தோமான் மீன் மூச்சு வாங்கியிருக்கலாம்.

விரால் இனத்தைச் சேர்ந்த தோமான் 1 மீட்டருக்கு மேலும் வளரும். அதற்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலுள்ள அறையில் காற்றை நிரப்ப, அடிக்கடி மேலே வந்தாக வேண்டும்.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்தால், மழைத்துளி விழுந்ததுபோல் நீர் சிலிர்க்கும். அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். நெருங்குவதைப் பாய்ந்து கடிக்கும். அப்போது தூண்டிலில் எளிதாகச் சிக்கிவிடும். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்தக் கூட்டத்தைக் கண்டால் வேறிடம் செல்லுங்கள். அடுத்த ஆண்டும் ஏரியில் மீன் இருக்கும்.