சொல்லாமல் விட்ட ஒரு சொல்

மாதுங்காவில் மகனுடன் வசிக்கும் மூதாட்டியார் ஒருவருக்குத் துணையாகச் சென்ற மாதம் நாம் டயாலிஸிஸ் நிலையத்திற்குச் சென்றிருந்தோம். நர்ஸ் ஹிந்தியில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மையார், "டீக் ஹை" என்ற ஒரே பதிலையே கூறினார். நர்ஸ் அவரது இடது முன்கையைத் தொட்டார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். முகம் மாறி, உடனே டாக்டரை அழைத்தார். முதல் நாள் மாலையே அக்கையில் அதிர்வு நின்றுவிட்டதை அம்மையார் அறிவார். மகனுக்கு ஏன் வீண் சிரமம் என்று சொல்லாதிருந்துவிட்டார்! நல்ல வேளையாக அன்றே சிகிச்சை நடந்து, ரத்தப் பாதை திறந்தது.

அந்த அதிர்வு யாது? டயாலிஸிஸ் இயந்திரத்திற்கு நிமிஷந்தோறும் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரையில் அவ்வளவு ஓட்டம் இல்லை. ஆதலின், கையிலுள்ள தமனியையும் சிரையையும் இணைக்கிறார்கள். நியூயார்க் டாக்டர்கள் 1966-இல் வெளியிட்ட இம்முறைக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதைத் தொட்டால், வண்டைக் கைக்குள் பொத்தியதுபோல் அதிரும். அதிர்வு நின்றால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். மறு நாள்வரை காத்திருத்தல் ஆகாது.

ஊசி போடுமுன் நர்ஸ் எடை பார்க்கிறார். 1 லிட்டர் நீர் உடலில் தங்கினால் எடை 1 கிலோ கூடும். எவ்வளவு நீரை எடுப்பது என்பது இதைக் கொண்டே தீர்மானமாகிறது. ரத்த அழுத்தம், காய்ச்சல், கால் வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் கவனிக்கிறார். சுமார் 4 மணி நேரச் சிகிச்சையின் இடையே ரத்த அழுத்தம் இறங்கினால் தலை சுற்றும், கெண்டைக்கால் இழுக்கும். இவற்றை நோயாளி உடனுக்குடன் சொல்ல வேண்டும்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இங்கேதான் இடர். தலைச்சுற்றல், மார்பு வலி, குளிர் நடுக்கம், கால் இழுப்பு என்பவற்றைத் தமிழிலும் உள்ளூர் மொழியிலும் ஓர் அட்டையில் எழுதிக் கொடுங்கள். பேச இயலாதவரும் விரலால் சுட்டிக் காட்டலாம்.

வீட்டில் காலையும் மாலையும் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பாருங்கள். அக்கையில் இறுக்கமான வளையல் வேண்டாம். ரத்தம் எடுக்கவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள். இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் இத்தகையோரின் இதயத்திற்குத் தீங்காகலாம்; ஊறுகாயும் அப்பளமும் தாகத்தை வளர்க்கும். டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

பொங்கலுக்கு ஊர் செல்வோர் ரயில் டிக்கெட்டுக்கு முன்பே அவ்வூர் ஆஸ்பத்திரியில் இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். சிகிச்சைக் குறிப்புகளையும் உடன் கொண்டு செல்க. ஒரு முறை தவறினாலும் ஆபத்து நேரலாம். ஏழை நோயாளிகளுக்கு இலவச டயாலிஸிஸ் அளிக்க மத்திய அரசு 2016-இல் தேசியத் திட்டமொன்றை அறிவித்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் விசாரித்து அறியலாம்.

பிள்ளைகளுக்குச் சுமையாகக் கூடாது என்று மௌனம் காப்பது நம் பெரியோரின் இயல்பு. கேட்கும் கடமை நம்முடையது. இன்று மாலை அவர்கள் அருகே அமர்ந்து கேட்போமாக.