இருநூறும் நூறும் நாற்பத்து நான்கு!

கணினி கற்பதென்றால் புதிய பொறி வேண்டும், பெருந்தொகை வேண்டும் என்றே பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். குடும்பம் முழுவதுக்கும் ஒரே கைப்பேசியுள்ள லயக் காம்பராக்கள் மொனராகலை, பதுளைத் தோட்டங்களில் இல்லாமலில்லை. அங்குள்ள மாணவனை இவ்வெண்ணம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால், தொடக்க மாணவனுக்குப் பழைய, சிறிய பொறியே நல்லாசான் என்பது எமது கருத்து.

1976 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8085 என்னும் நுண்செயலியைப் பார்ப்போம். தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் பல்லாண்டுகளாக மாணவர் பயின்றுவந்த செயலி இது. அதன் பயிற்சிப் பலகையில் திரை இல்லை. சில விசைகளும், ஆறு இலக்கங்கள் ஒளிரும் சிறு முகப்பும் உண்டு. நான்கு இலக்கங்கள் நினைவகத்தின் முகவரியைக் காட்டும். இரண்டு, அங்கே வைத்த எண்ணைக் காட்டும்.

இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமா? இவ்வொன்பது எண்களை வரிசையாக இடுக:

3ஈ, 02, 06, 03, 80, 32, 50, 20, 76.

இங்கே எண்ணுவது பதினாறின் அடியில். ஒன்பதுக்குப் பின் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகளும் இலக்கங்களாகும். 3ஈ என்றால், ‘அடுத்துவரும் எண்ணை முதற்பெட்டியில் வை’ என்பது பொருள். 06 என்றால், ‘மற்றப் பெட்டியில் வை’. 80, ‘இரண்டையும் கூட்டு’. 32, ‘விடையைக் கொண்டுபோய்ச் சேர்’. எங்கே? 2050 என்னும் முகவரியில். அதன் பின்பாதியை முன்னும் முன்பாதியைப் பின்னுமாகவே பொறி ஏற்கும். அதன் வழக்கம் அப்படி! 76, ‘நில்’. செய்நிரல் முடிந்தது. இதனை எழுதத் தாளும் பென்சிலும் போதுமன்றோ?

இனி 02, 03 ஆகியவற்றின் இடத்தில் சீ8, 64 என்று இடுக. அவை நமது கணக்கில் 200 உம் 100 உம் ஆகும். விடை 2சீ, அதாவது 44!

பொறி பிழைத்ததா? இல்லை. எட்டு இருமங்கள் கொண்ட பெட்டி 0 முதல் 255 வரையே கொள்ளும். 300 இல் 256 வெளியே வழிந்துவிட்டது. ஆனால் அது தொலைந்துபோகவில்லை. வழிந்ததற்கு அடையாளமாகச் செயலிக்குள் ஓர் இருமம் 1 ஆகி நிற்கிறது. சிறுவயதுக் கூட்டலில் பத்து நிறைந்ததும் ஒன்றை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோனோமே, அதுதான் இது. அந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளச் செய்நிரல் எழுதினால், இச்சிறு பொறி கோடியையும் கூட்டும்! பிறர் எழுதிய செய்நிரலைப் பார்த்து எழுதும் மாணவனுக்கு இவ்வின்பம் கிட்டுவதில்லை.

பலகை கிடைக்காதோர் கவலையுற வேண்டாம். 8085 போல நடிக்கும் மென்பொருள்கள் விலையின்றிக் கைப்பேசிக்கே கிடைக்கின்றன. கைவேலையில் நாட்டமுள்ளோர்க்கு, 2005 இல் இத்தாலியில் தோன்றிய ஆர்டுயினோ பலகை உண்டு. அதன் ஊனோ வகையில் செயல்நேர நினைவகம் 2 கிலோபைட்டே. வறண்ட மாதங்களில் வீட்டுத்தோட்ட மண்ணின் ஈரத்தை ஓர் உணரிகொண்டு அதில் அளக்கலாம். அளவு 0 முதல் 1023 வரை வரும். அதனை ஒரே பைட்டில் அடைக்க முயன்ற மாணவனுக்கு 300 வரவேண்டிய இடத்தில் 44 வந்து நிற்கும். எட்டு இருமப் பெட்டியை அறிந்தவன் உணரியைக் கழற்றிப் பார்க்கமாட்டான்; செய்நிரலில் அந்த ஒரு வரியைத் திருத்துவான்.