பறக்கத் துடிக்கும் சக்கரம்

பாலக்கோட்டுச் சீமையில் தக்காளித் தோட்டம் வைத்திருப்பவருக்கு மழை ஒரு கவலை. கிணறு மற்றொரு கவலை. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலம் மாறி, எண்ணெய் இஞ்சின் வந்தது. மின்சாரப் பம்பு பரவிய பின் அதன் ‘டப், டப்’ ஓசை குறைந்துவிட்டது. ஆயினும் அடியோடு மறைந்துவிடவில்லை. அந்த இஞ்சினின் பக்கத்தில் சுழலும் கனத்த இரும்புச் சக்கரத்தைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறோம். பட்டறைக்காரர்கள் அதைப் ‘பிளைவீல்’ என்பார்கள்.

“பாரமான சக்கரத்தை எதற்காக வீணாகச் சுற்ற வேண்டும்?” என்று நேயர்கள் கேட்கலாம். நம் ஊர்க் குயவரைக் கேட்டால் பதில் கிடைக்கும். அவர் தம் சக்கரத்தைக் கோலால் சில முறை சுழற்றிவிட்டுக் கையை எடுத்து விடுகிறார். விளிம்பில் ஏற்றிய பாரம் அந்த வேகத்தைச் சேமித்து வைத்துப் பானை உருவாகும் வரையில் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. இஞ்சினிலும் இதே கதைதான். ஒற்றைச் சிலிண்டர் இஞ்சினில் நான்கு வீச்சுகளில் ஒன்றே சக்தி தருவது. மற்ற மூன்றும் தின்பவை. நிமிஷத்துக்கு 600 சுற்றுச் சுற்றும் இஞ்சினில் 300 தடவையே எண்ணெய் எரிகிறது. இடைவேளைகளில் யந்திரம் நின்றுவிடாமல் காப்பது இந்தச் சக்கரமே. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் கம்பெனியார் 1929-ல் வெளியிட்ட புகழ்பெற்ற மந்தகதி இஞ்சினுக்கு இத்தகைய சக்கரங்கள் இரண்டு உண்டு.

வேகம் என்னும் ஆசை

கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் ஒரு சபலம் தோன்றுகிறது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ‘கவர்னர்’ வில்லைச் சற்று இறுக்கினால் இஞ்சின் விரைவாக ஓடும். தண்ணீரும் அதிகம் வரும் என்று எண்ணுகிறோம். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் பம்பு கேட்கும் சக்தி ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. சக்கரத்தின் விளிம்பைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. வேகத்தையே இரட்டித்தால் அவ்விசை நான்கு மடங்கு!

வார்ப்பிரும்பு, நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. ஆகையால், வார்ப்பிரும்புச் சக்கரத்தின் விளிம்பு நிமிஷத்துக்கு ஒரு மைலுக்கு மேல் ஓடக் கூடாது என்று பழைய எஞ்சினீயர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இரண்டடி விட்டமுள்ள சக்கரம் 600 சுற்றில் அந்த வரம்புக்குள் அடங்கி நிற்கிறது. 900 சுற்றில் தாண்டிவிடுகிறது. தாண்டிய சக்கரம் வெடித்தால் துண்டுகள் பீரங்கிக் குண்டுகளே.

அமெரிக்கர் கற்ற பாடம்

அமெரிக்காவில் புல்வெட்டும் சிறு டிராக்டர்களைக் கொண்டு பாரம் இழுக்கும் பந்தயம் நடத்துகிறார்கள். இழுக்க இழுக்கச் சறுக்கு வண்டியின் பாரம் முன்னே நகர்ந்து வந்து டிராக்டரை அமுக்கும். 3,600 சுற்றுக்கென்று செய்த சிறிய இஞ்சினைப் பந்தயக்காரர் அதைவிட வெகு வேகமாக ஓட்டுவார்கள். சிலர் சக்கரத்தை லேத்தில் கடைந்து இலேசாக்குவதும் உண்டு. இலேசான சக்கரம் சட்டென்று வேகம் பிடிக்கும். ஆனால் கனத்த சக்கரமே ஆரம்ப இழுப்புக்குக் கைகொடுக்கும். வார்ப்பிரும்பு வெடிக்கும் அபாயத்தை உணர்ந்த சங்கங்கள் பல, வேகப் பந்தய வண்டிகளுக்கு எஃகுச் சக்கரமும் அதைச் சுற்றிப் பலமான எஃகுக் கவசமும் வேண்டும் என்று விதித்திருக்கின்றன.

நம் தோட்டத்தில் பரிசுக் கோப்பை இல்லை. கிணற்று மேட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஆகவே நம் விதி இன்னும் கடுமையாக இருப்பதே நியாயம். விளிம்பில் துளை போட வேண்டாம். விரிசலை ஒட்டவைத்து மீண்டும் ஓட்டவும் வேண்டாம். சக்கரத்தைக் கழற்றும்போது, சந்தையில் பானையைத் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல அறிகுறி; மந்தமாக ஒலித்தால் விரிசல் இருக்கலாம். தண்டில் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆப்புத் தளர்ந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

நீர் ஆழத்துக்குப் போய்விட்டதென்றால், பம்பையே கிணற்றுக்குள் திட்டுக் கட்டி இறக்குவதுதான் முறை. உறிஞ்சும் உயரம் இருபது, இருபத்தைந்து அடிக்கு மேல் போனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் பம்புக்குத் தண்ணீர் ஏறாது. பாவம், சக்கரம் என்ன செய்யும்?